எனக்கு மட்டும் கேட்கிற சத்தம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் அதை முதன்முதலாகக் கவனித்தேன். பக்கத்துப் பட்டறையில் பால் மில் ஓடுகிறது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்காரருடைய பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்கிற பலரையும் போல அவரும் சின்ன அளவில் ஃபியூஸ் கட்டை செய்கிறார். கல்லையும் களிமண்ணையும் கூழாங்கற்களோடு போட்டு உருட்டி அரைக்கிற பெரிய இரும்பு உருளையைத்தான் பால் மில் என்பார்கள்; பால் என்றால் இங்கே பந்து. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் எனக்குத் தலை வலிக்கும். பிறகு பழகிவிட்டது. ஓடும்போது காதில் விழாது. நின்றால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

"ஞாயித்துக்கிழமைகூடவா மில்லு ஓடணும்?" என்று கேட்டேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "மில்லா? நேத்து சாயந்தரமே நிறுத்தியாச்சே. இன்னிக்கு யாரும் வேலைக்கே வரல."

எழுந்து போய் ஃபிரிட்ஜில் காதை வைத்துப் பார்த்தேன். இன்வெர்ட்டரை அணைத்தேன். மெயின் சுவிட்சையும் அணைத்தேன். மின்விசிறி சுற்றி ஓய்ந்து வீடு முழுக்க அமைதியான பிறகு அது இன்னும் தெளிவாகக் கேட்டது.

"என்னாம்மா தேடுற?" என்று பின்னாலேயே வந்தார்.

"ஒரு சத்தம் கேக்குதுங்க. குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி ஸ்ஸுன்னு ஒண்ணு வருமில்ல, அது மாதிரி."

அவரும் கூடத்தின் நடுவில் நின்று உற்றுக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். ஒலி உண்டாக ஏதாவது ஒரு பொருள் அதிர வேண்டும், பரவ ஒரு ஊடகம் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறவள். இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துப் பார்த்தேன். வெளியில் இருந்து வருகிற சத்தமானால் குறைய வேண்டும். இது கூடியது. அப்படியானால் எனக்குள்ளேதான் எதுவோ அதிர்கிறது. எது என்று தெரியவில்லை. அன்றைக்குப் பயமாகவும் இல்லை. குழப்பமாக இருந்தது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருடைய அக்கா திட்டக்குடியில் இருக்கிறார்கள். அண்ணி என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விருத்தாசலத்துக்கு பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடக்கும் தியான வகுப்புக்குப் போய்விட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போவது அவர்கள் வழக்கம். விஷயத்தைக் கேட்டதும், "அதெல்லாம் டென்ஷன்மா" என்றார்கள். "ஸ்கூலு, வூடு, பட்டறைன்னு ஓடிக்கிட்டே இருக்கற. அடுத்த வாரம் என்கூட வந்து உக்காரு. சரியாப் போயிடும்."

முன்பு ஒரு முறை கூப்பிட்டபோது நான் போகவில்லை. சாமி நம்பிக்கை இல்லாதவள் இல்லை நான். பழமலைநாதர் கோயிலுக்கு விசேஷ நாட்களில் தவறாமல் போகிறவள்தான். ஆனால் தியான வகுப்புக்குப் போய் வந்தவர்கள் எனர்ஜி, வைப்ரேஷன் என்று பேசுவது எனக்கு ஒவ்வாது. எனர்ஜி என்றால் அதற்கு ஓர் அலகு உண்டே, எத்தனை ஜூல் என்று கேட்கத் தோன்றும். கோயிலில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதால் அங்கே எனக்குச் சிக்கல் வந்ததில்லை.

இந்த முறை போனேன்.

வகுப்பு நடத்துகிறவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் ஐயா என்று கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் எதுவும் இல்லை. அதிகம் பேசவும் இல்லை. "கண்ணை மூடிக்கிட்டு மூச்சைக் கவனிங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார். கீழே பஸ் ஹாரன்கள் கேட்டன. அதற்கு மேலே என்னுடைய சத்தம். மூச்சைக் கவனிக்கப் போனால் அதுதான் முன்னால் வந்து நின்றது. கடைசியில் மூச்சை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் புதிதாக வந்தவர்களிடம் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டார். நான் மறைக்காமல் சொன்னேன்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"ரெண்டு பக்கமும் இல்லைங்க. தலைக்கு நடுவுல கேக்கற மாதிரி இருக்குது."

"அது நாதம், டீச்சர். உள்ளுக்குள்ள தானா எழற ஒலி" என்றார். "வருஷக்கணக்கா உக்காந்தும் கேக்காதவங்க இங்க இருக்காங்க. உங்களுக்குத் தானா வந்திருக்குது. அதைப் புடிச்சுக்கிட்டே போங்க."

சுற்றி இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அண்ணிக்குப் பெருமையா பொறாமையா என்று சொல்ல முடியாத ஒரு முகம். செருப்பு போடுகிற இடத்தில் ஒரு வயதான அம்மா என்னை நிறுத்தி, "கொஞ்சம் இருங்க" என்று சொல்லித் தன் காதை என் காதோடு ஒட்டி வைத்தார்கள். நான் அசையாமல் நின்றேன். சற்று நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்று நிஜமான வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குள் இருந்த இயற்பியல் டீச்சர் அப்போதே எழுந்து நின்று கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்பேன். மெல்லிய ஒரு கம்பி மாதிரி அது நீண்டுகொண்டே போகும். பிடித்துக்கொண்டு நானும் போவேன். நல்ல தூக்கம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கத்துவது குறைந்தது. "மிஸ், நீங்க இப்ப திட்டறதே இல்ல" என்று ஒரு பெண் சொன்னாள். பல வருஷமாகக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்த ரத்த அழுத்தம்கூட இறங்கியிருந்தது. பி.பி. பார்க்கப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பட்டையைச் சுற்றி இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். நாதம் என்று சொல்ல வாய் வரவில்லை. தியானம் என்றேன். அதற்கு அவர்கள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

சிக்கல் கடைசி பெஞ்சில் இருந்து வந்தது. அங்கே உட்காரும் பெண்களின் பதில்கள் என் காதில் சரியாக விழுவதில்லை என்று தெரியவந்தது. ஒலி நெருங்கிய வார்த்தைகள் எல்லாம் ஒன்று போலக் கேட்டன. "விசை" என்று சொன்னவளிடம் "திசையா கேட்டேன்?" என்று அதட்டினேன். அவள் அழுதுவிட்டாள். தலைமை ஆசிரியை கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு தடவை காதைக் காட்டிடுங்களேன்."

பாண்டிச்சேரியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் என் வீட்டுக்காரரோடு போனேன். சின்ன வயசுப் பெண். முதலில் என்னை ஒரு சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போது அமுக்க வேண்டும். கதவை மூடியதும் அப்படியொரு அமைதியை நான் அதுவரை அனுபவித்ததில்லை. அந்த அமைதியில் என் நாதம் ஓங்கி எழுந்தது. நான் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

டெஸ்ட் செய்கிற பெண் கதவைத் திறந்தாள். "அம்மா, நான் சத்தம் குடுக்கறப்ப மட்டும் அமுக்குங்க."

"எனக்கு எப்பவுமே கேக்குதேம்மா" என்றேன்.

டாக்டர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். மேல் ஸ்தாயியில் கோடு சரிந்து இறங்கியிருந்தது. "கேக்கற நரம்பு கொஞ்சம் தளர்ந்திருக்குதும்மா. மேல் ஸ்தாயிச் சத்தம் மூளைக்குப் போறது குறைஞ்சிடுச்சு. வர வேண்டியது வரலன்னதும் மூளை தானே வால்யூமை ஏத்தி வச்சிக்குது. அதைத்தான் நீங்க கேக்கறீங்க. இதுக்குக் காதிரைச்சல்னு பேரு. சத்தமான இடத்துல இருக்கீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "வூட்டுக்குப் பக்கத்துலதாங்க பட்டறை. பால் மில்லு ஓடும்." திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குச் சாயந்தரமே சத்தம் மாறிவிட்டது. மாறவில்லை என்றும் சொல்லலாம். அதே ஸ்ஸ்தான். அளவில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் நேற்று வரை பிடித்துக்கொண்டு போன கம்பி இன்றைக்குக் காதுக்குள் குத்திக்கொண்டு நின்றது. காலையில் உட்கார்ந்தால், "நரம்பு தளர்ந்திருக்கிறது, நரம்பு தளர்ந்திருக்கிறது" என்றே அது சொல்வது போல் இருந்தது. தூக்கம் போனது. பிள்ளைகளைத் திட்டினேன். டாக்டர் மேல் கோபம் வந்தது. உண்மையைத்தானே சொன்னார் என்று கோபம் என் மேலேயே திரும்பியது. ஐயா மேலும் வந்தது. தெரியாத விஷயத்துக்கு ஏன் பெயர் வைத்தார்? ஆனால் அவர் வைத்த பெயரோடு நான் நன்றாகத்தானே இருந்தேன்? ரத்த அழுத்தம் இறங்கியது பொய்யில்லையே, மெஷின்தானே காட்டியது? எந்தப் பக்கம் இருந்து யோசித்தாலும் பாதியில் வழி அடைத்துக்கொண்டது.

டாக்டர் சொன்னபடி மறுபடியும் போய்க் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சத்தத்தை விரட்டப் பாக்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காந்து மூச்சைக் கவனிங்க. பலருக்குக் குணம் தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தியான வகுப்புல அப்படி உக்காந்தப்பதான் டாக்டர், இது நாதம்னு சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியாதும்மா. என் மெஷின்ல அது வராது. நான் சொல்ற காரணமும் முழுசு இல்ல. இதே மாதிரி காது இருக்கற எத்தனையோ பேருக்கு இந்தச் சத்தம் கேக்கறதே இல்ல. ஏன்னு எங்களுக்கும் சரியாத் தெரியல."

தெளிவு கிடைக்கும் என்று போன இடத்தில் இன்னொரு முடிச்சு விழுந்தது.

வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். அண்ணியிடம் தலைவலி என்று சொல்லிவைத்தேன். ஒரு நாள் சாயந்தரம் ஐயாவே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன்.

"உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க" என்றார்.

மறைக்க முடியவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் டீயைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த சத்தம் எப்படின்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். "எனக்கும் அதேதான்" என்றார் மெதுவாக. "ரொம்ப வருஷமா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ரயில்வேயில் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லக் கூடாது என்று நான் முடிவு செய்தேனா, இல்லை சொல்வதற்கு வார்த்தை தேடினேனா, இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர், பாண்டிச்சேரி போய் வந்ததில் இருந்து காதையும் சத்தத்தையும் பற்றியே போனில் படித்துக்கொண்டிருந்தவர், வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்: "ஐயாவும் டீசல் எஞ்சின் ஓட்டினவர்தானே. எஞ்சின் டிரைவருங்களுக்கு இது நெறைய வருமாம்."

தான் என்ன சொன்னோம் என்பது என் வீட்டுக்காரருக்கே அப்புறம்தான் புரிந்தது. எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஐயா கோபப்படவில்லை. "என் வூட்டுக்காரி போனதுக்கப்புறம்தாங்க எனக்குக் கேக்க ஆரம்பிச்சது" என்றார். "தனியா உக்காந்திருந்தேன். வூட்ல பேச ஆளில்ல. அப்ப வந்துச்சு. வந்ததும் யாரோ கூட இருக்கற மாதிரி ஆயிடுச்சு. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் எழுந்தேன். இல்லன்னா எங்க போயிருப்பேனோ." டீ டம்ளரைக் கையில் எடுத்தார். "வூடு அமைதியானதால கேட்டிருக்குமோ, டீச்சர்?"

இருக்கலாம் என்பதுதான் எனக்குத் தெரிந்த இயற்பியல். சுற்றி இரைச்சல் குறைந்தால் உள்ளே இருப்பது கேட்கும். "தெரியலைங்க ஐயா" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையாகவும் தோன்றவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று எழுந்துகொண்டார்.

சில வாரம் கழித்து போன் செய்தார். அந்த டாக்டரிடம் தன்னையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் அவரும் பஸ்ஸில் போனோம். அதே அறை, அதே பொத்தான். அவருடைய கோடு என்னுடையதைவிட அதிகமாகச் சரிந்திருந்தது. டாக்டர் ஒரு காது மெஷினை மாட்டிவிட்டுச் சரி செய்தார். ஐயா சுற்றிப் பார்த்தார். ஏசி ஓடுவதை, டாக்டர் பேப்பரைப் புரட்டுவதை, தன் சட்டை உரசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு அவர் முகம் மாறியது.

"அது நின்னு போச்சுங்க" என்றார் என்னைப் பார்த்து. "முழுசா இல்ல. ரொம்பத் தூரமாப் போயிடுச்சு."

"வெளிச் சத்தம் உள்ள வந்ததும் மூளைக்கு அது தேவைப்படல. நல்ல அறிகுறி" என்றார் டாக்டர். ஐயாவின் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். ஐயா மெஷினைக் கழற்றிக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார், மறுபடி மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில், "காயத்ரி மந்திரத்தை யாராவது டேப்ல போட்டு அணைச்ச மாதிரி இருக்குது" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, "இல்ல, அப்படியும் இல்ல" என்று விட்டுவிட்டார். கொஞ்ச தூரம் போனதும், "கண்டக்டர் சொல்ற ஊருப் பேரெல்லாம் புரியுதுங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வகுப்புக்குப் போனேன். காதில் மெஷினோடு முன்னால் உட்கார்ந்த ஐயா, எல்லோரிடமும் விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார். "நாதம்னு நான் சொல்லிக்கிட்டிருந்தது காதுக் கோளாறா இருக்கலாம். டாக்டர் அப்படித்தான் சொல்றாங்க. நான் அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதைக் கேட்டு எனக்குக் கெடைச்ச நிம்மதியையும் இல்லன்னு சொல்ல முடியல. ரெண்டும் எப்படிச் சேருதுன்னு எனக்குத் தெரியல. யாருக்காவது அந்த மாதிரி சத்தம் கேட்டா முதல்ல காதைக் காட்டிடுங்க. அப்புறம் இங்க வாங்க." சொல்லிவிட்டு, "இப்ப உக்காரலாம்" என்று மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகு சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். என் காதில் காது வைத்துக் கேட்ட அம்மாவும் வரவில்லை. ஐயா நேர்மையாக நடந்துகொண்டதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏதோ ஒன்றை நான் போய்க் கலைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. கலைக்காமல் இருந்திருந்தால் பக்கத்தில் பேசுவதுகூட அவருக்குச் சரியாகப் புரிந்திருக்காது என்பதும் தெரிந்தே இருந்தது.

அண்ணி என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கும் வராமல் நேரே திட்டக்குடிக்கு பஸ் ஏறினார்கள். பிறகு ஒரு நாள் அவர்களாகவே வந்தார்கள். சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "நீ அந்த டாக்டர்கிட்ட போகாம இருந்திருக்கலாம்" என்றார்கள்.

"பசங்க பேசறது கேக்கலியே அண்ணி."

"அதுவும் சரிதான்" என்றார்கள். கொஞ்சம் கழித்து, "என்னமோ போ" என்றார்கள்.

என் வீட்டுக்காரர் பால் மில்லைப் பட்டறையின் பின்பக்கம் மாற்றி, நடுவில் இன்னொரு சுவரும் எழுப்பினார். வேலை செய்கிறவர்களுக்குக் காதை மூடும் கவசம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வியர்க்கிறது என்று பாதிப் பேர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். அவர் தினமும் போய்ச் சத்தம் போடுகிறார்.

நான் காலையில் உட்காருகிறேன். சத்தம் இருக்கிறது. சில நாள் அது காதிரைச்சலாக இருக்கிறது. எழுந்து ரேடியோவைப் போட்டுவிடுகிறேன். சில நாள், ஏன் என்றே தெரியாமல், பழைய கம்பியாக நீள்கிறது. அப்போது எனக்குள் யாரோ, "இது மூளை ஏற்றிவைத்த வால்யூம்தான்" என்று சொல்லத்தான் செய்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அதோடு போகிறேன். பிள்ளைகள் ஒலிப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் புத்தகத்தில் உள்ளதைச் சொல்கிறேன்.

போன வாரம் வகுப்பில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடிய பிறகு என் முழங்கையைத் தொட்டார்கள்.

"உனக்கு இப்ப கேக்குதா?" என்று காதருகே கேட்டார்கள்.

"கேக்குது அண்ணி."

"எனக்கு இன்னி வரைக்கும் ஒண்ணும் கேக்கல."

"நல்லதுதான் அண்ணி" என்றேன்.

அவர்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எந்த அர்த்தத்தில் அதைச் சொன்னேன் என்று தேடுகிற மாதிரி இருந்தது. எனக்கே தெரியாததால் நானும் அவர்களையே பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்.